ஒலி கூட்டும் உரிமை: கொழும்பு ஹோல்களில் ரிமோட் பயிற்றும் முறை பற்றி

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரு வீட்டு ஹோலில் கிடக்கும் ரிமோட்டுகளை எண்ணினால், அங்குள்ள பெட்டிகளை விடப் பெரும்பாலும் ஒன்று கூடுதலாகவே இருக்கும். தொலைக்காட்சிக்கு ஒன்று, டயலொக் அல்லது பியோ பெட்டிக்கு ஒன்று, டிவிடி பிளேயருக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று. ஐந்தாவது, இந்த நான்கையும் இல்லாமற் செய்வதற்கென்று வாங்கப்பட்டது. வாங்கி ஆண்டுகள் கழிந்தும் நான்கும் இருக்கின்றன, ஐந்தாவதும் இருக்கிறது. ஒரு ரிமோட்டைக் கொண்டு பல சாதனங்களை ஆளும் முயற்சியில் ரிமோட்டின் எண்ணிக்கை குறைவதேயில்லை. குறைய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் பிழை. தீர்மானிக்க வேண்டியது எத்தனை ரிமோட் என்பதன்று. எந்த ரிமோட்டிடம் ஒலி இருக்கிறது என்பதே.

இப்பிரச்சினைக்கு நீண்ட வரலாறு இல்லை. சுயாதீன தொலைக்காட்சி 1979 ஏப்ரலிலும் ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் ஒளிபரப்பைத் தொடங்கின. இரண்டு நிலையங்களுக்கு ரிமோட் வேண்டியிருக்கவில்லை. பெட்டிக்குக் கிட்ட இருந்த பிள்ளை போதுமானது. பின்னர் வீடியோ டெக் வந்தது. அதனுடன் இரண்டாவது ரிமோட்டும் வந்தது. 1998இல் சக்தி, 2009இல் வசந்தம் என அலைவரிசைகள் பெருகியபோது ரிமோட் பெருகவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அலைவரிசை எத்தனை ஆனாலும் ஒரு ரிமோட் தாங்கும். பெட்டி ஒன்று கூடினால் மாத்திரமே அது தாங்காது. செய்மதிப் பெட்டியும் தொலைபேசி இணைப்பில் வரும் பெட்டியும் தொலைக்காட்சியின் கீழே வந்து உட்கார்ந்த நாளில், தொலைக்காட்சி ரிமோட்டின் இலக்கப் பொத்தான்கள் பத்தும் வேலையிழந்தன. அவை இன்றும் அழியாமல், எழுத்துத் தேயாமல், புதிதாகவே இருக்கின்றன. ஒரு ரிமோட்டின் பணிவரலாற்றை அறிய அதன் தேய்வை விடச் சிறந்த ஆவணம் இல்லை.

ரிமோட்டின் அதிகாரங்கள் நான்கு: ஆளி, அலைவரிசை, ஒலி, உள்ளீடு. பெட்டி வந்தபின் அலைவரிசை ஐயத்துக்கிடமின்றிப் பெட்டியிடம் சென்றது, அதில் வழக்கில்லை. உள்ளீட்டை மாற்றும் பொத்தான் நாளாந்தம் தேவைப்படாதது. ஆயினும் தவறுதலாக அழுத்தப்பட்டால் திரை நீலமாகி, வீடு முழுவதும் ஒரு பின்னேரம் நின்றுவிடக்கூடியது. ஆகவே, பயிற்றப்படும் ரிமோட்டில் அதற்கு இடம் கொடாதிருப்பதே நன்று. ஆளியைப் பற்றிக் கீழே விரிவாகப் பேச வேண்டும். எஞ்சியிருப்பது ஒலி, அதுவே வழக்கின் மையம்.

கேட்கும் சத்தம் ஓரிடத்தில் பிறப்பதில்லை. பெட்டி ஓர் அளவில் அனுப்புகிறது. தொலைக்காட்சி தன் அளவில் அதைப் பெருக்குகிறது. சவுண்ட்பார் இருந்தால், இணைப்பைப் பொறுத்து, மூன்றாம் முறையும் அது பெருக்கப்படலாம். இவற்றுள் ஒன்று பூச்சியமாக இருந்தால் மற்றவை எவ்வளவு உயர்ந்தும் பயனில்லை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று முனை கொண்ட பழைய வயரில் பெட்டியின் ஒலியைத் தாழ்த்தித் தொலைக்காட்சியின் ஒலியை ஏற்றினால், செய்தியோடு வயரின் இரைச்சலும் ஏறும். எனவே பெட்டியின் ஒலியை உச்சத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டு, பின்னர் அதைத் தொடாதிருக்க வேண்டும். சங்கிலியில் கடைசியாக நிற்கும் பெருக்கிக்கே ஒலி கூட்டும் உரிமை உரியது. பயிற்றப்பட்ட ரிமோட் எந்தச் சாதனத்தை நோக்கித் திருப்பப்பட்டிருந்தாலும், அதன் ஒலிப்பொத்தான்கள் இரண்டும் அந்தக் கடைசிப் பெருக்கியிடமே போக வேண்டும். நல்ல ரிமோட்டுகளில் ஒலியை இவ்வாறு ஒரு சாதனத்தோடு பூட்டிவைக்கும் வசதி உண்டு. அது இல்லாத ரிமோட் மலிவாகக் கிடைத்தாலும் வாங்கத் தகாதது.

இந்த விதி மீறப்பட்ட வீட்டை அடையாளம் காண்பது எளிது. ஆறரை மணித் தொடர் தொடங்கும் வேளையில் ஜன்னலோரக் கதிரையிலிருந்து கேள்வி வரும்.

“தம்பி, எதில சத்தம் கூட்டுறது?”

“கறுப்பில, அம்மம்மா.”

“ரெண்டும் கறுப்புத்தானே.”

“நீட்டுக் கறுப்பு.”

நிறம் தோற்கும் இடத்தில் நீளம் அழைக்கப்படுகிறது. நீளமும் ஒத்துப்போனால் தேய்வும், தேய்வும் ஒத்துப்போனால் உறையும் அழைக்கப்படும். கடையில் வந்த பொலித்தீன் உறை கழற்றப்படாத ரிமோட், கழற்றப்பட்ட ரிமோட் என்ற பிரிவே இவற்றுள் மிக உறுதியானது. அது இருட்டிலும் கைக்குத் தெரியும். உறை சமிக்ஞையைத் தடுக்கும் என்ற கருத்துக்கு அடிப்படை இல்லை. ரிமோட் உமிழும் ஒளி ஏறத்தாழ 940 நானோமீற்றர் அலைநீளமுடையது. மெல்லிய தெளிந்த பொலித்தீனை அது இலகுவாகக் கடக்கும். ரிமோட்டின் மூக்கில் உள்ள கருஞ்சிவப்புப் பிளாஸ்டிக் கண்ணுக்கு ஒளிபுகாததுபோல் தோன்றினாலும் இந்த ஒளிக்கு வழிவிடுவதாகவே அமைக்கப்பட்டிருக்கிறது.

அந்த ஒளியில் எழுதப்படும் மொழி ஒன்றல்ல. இங்கு விற்கும் பெட்டிகளில் பரவலாகக் காணப்படும் என்ஈசி முறையில் ஒளி விநாடிக்கு 38,000 தடவை துடிக்கிறது. முதலில் 9 மில்லிசெக்கன் நீண்ட துடிப்பு, பின் 4.5 மில்லிசெக்கன் மௌனம்; அதன்பின் 32 துணுக்குகளில் சாதனத்தின் முகவரி, அதே முகவரி தலைகீழாக, கட்டளை, அதே கட்டளை தலைகீழாக. சொன்னதை மறுதலையாகவும் சொல்லி உறுதிசெய்யும் இந்த ஒழுங்கு பாராட்டத்தக்கது. பிலிப்ஸின் ஆர்சி-5 முறை 36,000 துடிப்பில் 14 துணுக்குகளோடு முடித்துக்கொள்கிறது. அதில் 32 சாதன முகவரிகளுக்கு இடமுண்டு: தொலைக்காட்சிக்குப் பூச்சியம், வீடியோ டெக்குக்கு 5, சீடிக்கு 20. சோனி 40,000 துடிப்பில் 12 துணுக்கிலிருந்து தொடங்குகிறது. ஒரு ரிமோட்டைப் பயிற்றுவது என்பது, இவற்றுள் எந்த மொழியில், எந்த முகவரிக்கு, எதைச் சொல்ல வேண்டும் என்பதை அதன் நினைவில் ஏற்றுவதாகும்.

முகவரி மாதிரிக்கு உரியது. தனிப் பெட்டிக்கு உரியதன்று. இந்த நுணுக்கத்தின் விளைவைக் கொட்டாஞ்சேனையின் நீண்ட, ஒடுங்கிய வீடுகளில் காணலாம். முன் ஹோலிலும் பின் அறையிலும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரிப் பெட்டிகள் இருந்து, இடையிலுள்ள கதவு திறந்திருந்தால், முன்னே அழுத்தப்படும் கட்டளை வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பிப் பின்னேயும் நிறைவேறும். சக்தி பார்த்துக்கொண்டிருந்தவரின் திரையில் கிரிக்கெட் வரும். இதற்குக் குறியீட்டு மாற்றம் எதுவும் உதவாது. கனமான கதவுத்திரை ஒன்று உதவும்.

பயிற்றும் வழிகள் மூன்று. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய ரிமோட்டோடு வரும் மடித்த தாளில் நிறுவனப் பெயர்களும் அவற்றுக்குரிய இலக்கங்களும் பொடியெழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அவ்விலக்கத்தை இடுவது முதல் வழி. பெட்டியின் முகத்திலுள்ள பெயரும் உள்ளேயிருக்கும் சுற்றுப்பலகையைச் செய்தவரின் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பதால், இது அடிக்கடி பொய்க்கிறது. அந்நிலையில் இரண்டாவது வழியாகிய தேடல் வருகிறது. செட் பொத்தானைச் சிறுவிளக்கு நிலைக்கும் வரை பிடித்து, தொலைக்காட்சியை நோக்கி நீட்ட வேண்டும். ரிமோட் தன்னிடமுள்ள குறியீடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். திரை அணையும் கணத்தில் விரலை எடுக்க வேண்டும். ஒரு கணம் பிந்தினால் அடுத்த குறியீடு பதிந்துவிடும். ஆகவே தேடலை நடத்துபவரிடம் அப்போது யாரும் பேச்சுக் கொடுக்கலாகாது.

தேடலில் அகப்படும் குறியீட்டை உடனே ஏற்பது பெரும் தவறு. குறியீடுகளின் பணிவு ஒரே தரத்ததன்று. எல்லாப் பொத்தானுக்கும் இணங்குவது முழுப்பணிவு. ஆளியும் ஒலியும் இணங்கி மெனு இணங்காதது அரைப்பணிவு. வீடுகளில் பெரும்பாலும் நிலைத்துவிடுவது இதுவே. ஒலியை அடக்கும் பொத்தானை அழுத்தினால் உபதலைப்பு வருவது தப்புப்பணிவு. அணைக்கும், ஆனால் ஏற்றாது என்ற வகை போலிப்பணிவு. தேடல் நடக்கும்போது முழுப்பணிவிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது, ஏனெனில் தேடல் சோதிப்பது அணைத்தலை மாத்திரமே. எனவே திரை அணைந்ததும் மகிழாமல், முதலில் மீண்டும் ஏற்றி, பின் ஒலி, பின் இலக்கங்கள், ஈற்றில் மெனு என்ற வரிசையில் பரீட்சிக்க வேண்டும். மெனுவில் கீழ்நோக்கி நகரும் வரை குறியீட்டை ஏற்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது வழி சொல்லிக்கொடுத்தல். மூன்றினுள் மேலானது இது. கவனத்தையும் மிகுதியாகக் கேட்பது. பழைய ரிமோட் ஆசிரியராகவும் புதியது மாணவராகவும் அமையும். ஒயில்குளோத் விரித்த சாப்பாட்டு மேசையே இதற்கு உகந்த தளம். இரண்டையும் மூக்கோடு மூக்காக, மூன்று நான்கு சென்ரிமீற்றர் இடைவெளியில் படுக்க வைக்க வேண்டும். ஒன்று தடித்தும் மற்றது மெலிந்தும் இருந்தால் மூக்குகள் ஒரே மட்டத்தில் நில்லா. வீரகேசரித் தாள் ஒன்றை எட்டாக மடித்து மெலிந்ததன் கீழ் வைத்தால் மட்டம் சரியாகும். மேலே எரியும் டியூப் லைட்டை அணைப்பது நல்லது. ஆசிரியருக்குப் புதுப் பற்றரி இட வேண்டும்; மாணவருக்கு மட்டும் புதுப் பற்றரி இடுவது வழக்கமாகக் காணப்படும் பிழை. மங்கிய ஒளியில் சொல்லப்பட்டது மங்கலாகவே பதியும். மாணவரின் பொத்தானை முதலில் அழுத்தி விளக்கு நிலைத்தபின், ஆசிரியரின் பொத்தானை ஒருமுறை, அழுத்தமாக, சுருக்கமாக அழுத்த வேண்டும். விளக்கு சிமிட்டினால் பதிந்தது. ஒலி கூட்டல், ஒலி குறைத்தல், ஆளி என்ற மூன்றைத் தவிர வேறெதையும் கற்பிக்காதிருப்பது சிறந்தது. சில பெட்டிகளின் ரிமோட்டிலேயே தொலைக்காட்சியிடமிருந்து கற்றுக்கொள்வதற்கென இத்தகைய சில பொத்தான்கள் ஒரு மூலையில் கட்டம் கட்டி ஒதுக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கற்பித்துவிட்டால் ஐந்தாவது ரிமோட்டே தேவையில்லை. பலர் அந்தக் கட்டத்தை அலங்காரம் என்று கருதி விட்டுவிடுகின்றனர்.

சொல்லிக்கொடுத்தலில் ஆர்சி-5 மொழிக்கு மட்டும் உரிய ஓர் இடர் உண்டு. அம்மொழியில், விரலை எடுத்து மீண்டும் அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு துணுக்கு பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் மாறும். ஒரே பொத்தான் நீண்ட நேரம் பிடிக்கப்பட்டதா, இருமுறை அழுத்தப்பட்டதா என்பதைத் தொலைக்காட்சி அதனாலேயே அறிகிறது. எளிய மாணவ ரிமோட் அந்தத் துணுக்கையும் மற்றவற்றோடு சேர்த்து மனனம் செய்துவிடுகிறது. எப்போதும் அதே வடிவில் ஒப்பிக்கிறது. ஆகவே ஒன்று, ஒன்று என அடுத்தடுத்து அழுத்தினால் தொலைக்காட்சிக்கு அது ஒரே ஒன்றாகவே கேட்கும். பதினோராம் அலைவரிசைக்குப் போக இயலாது. இருபத்திரண்டுக்கும் முப்பத்துமூன்றுக்கும் இவ்வாறே. இதில் தொலைக்காட்சியிலும் குற்றமில்லை, ரிமோட்டிலும் குற்றமில்லை. பத்துக்குப் போய், அங்கிருந்து மேல்நோக்கி ஓர் அடி வைப்பதே மார்க்கம்.

இனி ஆளி. பெரும்பாலான ரிமோட்டுகளில் ஏற்றுதலுக்கும் அணைத்தலுக்கும் ஒரே குறியீடுதான்; நிலையை அது மறுபக்கத்துக்குத் தள்ளுகிறது. ஒரே பொத்தானில் தொலைக்காட்சியையும் பெட்டியையும் சேர்த்துக் கட்டினால் நான்கு நிலைகள் உண்டாகின்றன: இரண்டும் எரிதல், இரண்டும் அணைதல், முன்னது எரியப் பின்னது அணைதல், பின்னது எரிய முன்னது அணைதல். பொத்தான் முதலிரண்டை ஒன்றுக்கொன்று மாற்றும். பின்னிரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றும். முதற் சோடியிலிருந்து இரண்டாம் சோடிக்கோ, இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கோ அதனால் செல்ல இயலாது. இரண்டாம் சோடிக்குள் வீழ்ந்த ஒரு ஹோல் அப்பொத்தானை ஆயிரம் முறை அழுத்தினாலும் மீளாது. அதற்குள் வீழ்த்துவது மின்வெட்டு. கரண்ட் திரும்பும்போது சில சாதனங்கள் தாமாக எரிந்துவிடும். சில சிவப்பு விளக்கோடு காத்திருக்கும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்களை எட்டிய காலத்தில், சேர்த்துக் கட்டிய ஆளியுள்ள வீடுகள் இக்கணக்கை நாள்தோறும் செய்ய வேண்டியதாயிற்று. எரிபொருளும் காஸும் இல்லாத அக்காலத் துயரங்களோடு இது ஒப்பிடத்தக்கதன்று. எனினும் பதியப்பட வேண்டியது. மீள்வதற்குக் கருவி வேண்டாம். ஒருவர் எழுந்துபோய்த் தொலைக்காட்சியின் வாங்கிக்கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்ள, மற்றவர் பொத்தானை ஒருமுறை அழுத்தினால், பெட்டி மட்டும் நிலைமாறிச் சோடி சரியாகும். வாங்கிக்கண் எங்கே இருக்கிறது என்பதை வீட்டார் அனைவரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

வெள்ளவத்தையில் காலி வீதியின் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளுக்கு இரண்டு இடர்கள் தனியாக உண்டு. மேற்கு ஜன்னலுள்ள தொடர்மாடியில் பின்னேர வெயில் நேரே தொலைக்காட்சியின் முகத்தில் விழுந்தால், வாங்கிக்கண் சூரிய ஒளியிலுள்ள அகச்சிவப்பில் மூழ்கி ரிமோட்டைக் கேளாது. துறையின் தொடக்கத்திலேயே உணரப்பட்ட குறை இது. 1955இல் அமெரிக்காவின் செனித் நிறுவனத்துக்காக யூஜின் பொலி அமைத்த பிளாஷ்மெற்றிக், ஒளிக்கற்றையைத் திரையின் மூலைகளில் பாய்ச்சி இயக்கப்பட்டது. வெயில் பட்டாலும் அது இயங்கிவிடக்கூடியதாக இருந்தது. அடுத்த ஆண்டு ரொபர்ட் அட்லர் ஒளியைக் கைவிட்டு, அலுமினியக் கோல்களைத் தட்டிக் காதுக்குக் கேளாத ஒலியெழுப்பும் ரிமோட்டை அமைத்தார். அதற்குப் பற்றரியே வேண்டியிருக்கவில்லை. வெள்ளவத்தையின் இரண்டாவது இடருக்கு அது முழுத் தீர்வாக இருந்திருக்கும். ஏனெனில் இரண்டாவது இடர் உப்புக்காற்று. பற்றரிப் பெட்டியின் சுருள்கம்பி உப்பில் பூத்து, தொடுகை குன்றுகிறது. பற்றரியைப் பெருவிரலால் அது கிடக்கும் இடத்திலேயே உருட்டும் பழக்கம் மூடநம்பிக்கையன்று. உருட்டுகையில் படலம் உராய்ந்து நீங்குகிறது. உருட்டியும் பலிக்காதவிடத்துச் சுருள்கம்பியைத் தேய்க்க வேண்டும். ரிமோட்டை உள்ளங்கையில் தட்டுவதற்கு மட்டும் இத்தகைய நியாயம் பலவீனமானது.

எச்டிஎம்ஐ வயர் வழியே சாதனங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறை அண்மைக்காலத்தது. அதை ஒரு நிறுவனம் எனிநெற் பிளஸ் என்றும், இன்னொன்று பிராவியா சிங்க் என்றும், மற்றொன்று சிம்பிளிங்க் என்றும் அழைப்பதால், மூன்றும் ஒன்றே என்பது பலருக்குத் தெரியாமற் போகிறது. அம்முறையில் அணைத்தலுக்கு வேறு, எழுப்புதலுக்கு வேறு கட்டளை இருப்பதால் மேற்சொன்ன சோடிக் கணக்கு எழாது. தொலைக்காட்சியின் பின்னே செருகும் குச்சி வகைச் சாதனங்கள் பலவற்றுக்கு அகச்சிவப்புக் கண் கிடையாது. ஐந்தாவது ரிமோட்டின் வல்லமை அவற்றிடம் செல்லாது. அவற்றை ஆள இவ்வயர் வழியே உள்ளது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரில் இவ்வசதி இல்லை.

பழைய ரிமோட்டுகளை எறியக் கூடாது என்பதற்கான காரணம் இப்போது விளங்கும். மலிந்த ரிமோட்டுகள் சில, பற்றரி கழன்றதும் கற்றதனைத்தையும் மறந்துவிடும். பற்றரியை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆசிரியர் மறுபடி தேவைப்படுவார். மறவாத வகையிலும், போலிப்பணிவு பின்னால் வெளிப்படும் நாளில் ஆசிரியர் தேவைப்படுவார். ஆகவே நான்கையும் பற்றரி கழற்றி, ஏனெனில் கழற்றாத பற்றரி கசியும், மூடியுள்ள பிஸ்கட் டின்னில் வைக்க வேண்டும். கழற்றிய பற்றரிகளை அதே டின்னில் வைக்கலாகாது.

ஓகஸ்ட் விடுமுறைக்கு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருவோருக்கு வெள்ளவத்தையில் தளபாடங்களோடு வாடகைக்கு விடப்படும் வீடுகளில் இந்த டின் தனி முக்கியத்துவம் பெறுகிறது. அங்கே “ஒலி இதில்” என்ற துண்டு ஒரேயொரு ரிமோட்டில் மட்டும், முகத்திலன்றி முதுகில், செலோரேப்பின் கீழ் ஒட்டப்பட வேண்டும்; முகத்தில் ஒட்டியது விரலில் தேயும். வீட்டை மீளக் கையேற்கும்போது ரிமோட்டுகளை எண்ணுவது மட்டும் போதாது. ஒவ்வொன்றிலும் பற்றரி இட்டு, ஒலிப்பொத்தானை அழுத்தி, மூக்கைக் கைத்தொலைபேசியின் கமராவுக்குக் காட்டினால் இளம் ஊதா நிற ஒளி தெரியும். சில தொலைபேசிகளின் பின்கமராவில் அகச்சிவப்பை வடிகட்டும் கண்ணாடி இருப்பதால் முன்கமராவாலேயே பார்க்க வேண்டும். ஐந்திலும் ஒளி தெரிந்த பின்னரே முற்பணத்தைத் திருப்பிக் கொடுப்பது முறை.